காலி வண்டியின் எடை

திமாரு
மே 3, சனிக்கிழமை

அன்பு மகள் ரேவினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். தென்துருவப் பனிக்கு நடுவில் நீயும் உன்னோடு தளத்தில் இருக்கும் பதினொரு பேரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆகஸ்ட் கடைசியில் முதல் விமானம் இறங்கும்வரை ஒரு துண்டுக் காகிதம்கூட உனக்கு வந்து சேராது என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் நீ கேட்பது பூனையைப் பற்றி ஒரே கேள்வி. "ஃபோர்மேன் எவ்வளவும்மா?" நான் ஓர் எண்ணைச் சொல்கிறேன். "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பாவை அடக்கம் செய்தபோது நீ இங்கே இல்லை, அதற்குப் பிறகு என்னிடம் பேச உனக்கு என்ன இருக்கும்? ஆனால் வீட்டில் நடப்பதையெல்லாம் ஓர் எண்ணுக்குள் அடைக்க எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த எண். இன்று காலை ஃபோர்மேன் 3.7 கிலோ. நாளைக்கும் இதைத்தான் சொல்வேன். இந்த முறை எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன்.

நோய் எப்படித் தெரிந்தது என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்தது நான் அல்ல, பக்கத்து வீட்டு நைரீ. மார்ச் கடைசியில் சூப் பாத்திரத்தைத் திரும்ப வாங்க வந்தவள், "ஏ நோலீன், ஒன் பூனை எலும்பும் தோலுமா நிக்குதே, பாக்கலையா நீ?" என்றாள். பார்க்கவில்லைதான். அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் பூனையை யார் பார்த்தார்கள்? அப்பா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவார். கொத்துக்கறியோ கஸ்டர்டோ, மிச்சம் மொத்தத்தையும் ஃபோர்மேன் நக்கித் துடைப்பான். துடைத்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கத்துவான். வெண்ணெயைத் திருடுவான். கண்டதைத் தின்பவன் குண்டன் ஆவான் என்பார்கள். இவன் கண்டதையெல்லாம் தின்றும் ஒட்டி உலர்ந்து போனான். அவனுக்குத்தான் முடி சடைசடையாக இருக்கிறதே, அதற்குள்ளே உடம்பு இல்லாமல் போனது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் தின்ன முடியாமல் இளைத்தார், இன்னொருவன் தின்று தின்று இளைத்தான். நான் ஒருவரை மட்டும் எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால்நடை டாக்டர் அயோனா அவன் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுத்து, தைராய்டு என்றார். "உள்ள அடுப்பு அணையாம எரியுது நோலீன். எவ்வளவு வெறகு போட்டாலும் பத்தாது, அவ்வளவுதான்" என்றார். மாத்திரையை நாம் அவன் வாயில் போடுவதற்குள் நம் விரல் போய்விடும் என்பதால், காதின் உள்பக்கம் தடவும் களிம்பாகக் கொடுத்தார். காலையில் வலது காது, மாலையில் இடது காது, கையுறை போட்டுக்கொண்டு. மருந்து பிடிக்கப் பிடிக்கப் பசி குறையும், எடை ஏறும் என்றார். இன்னொன்றும் சொன்னார். வயதான பூனைகளுக்குத் தைராய்டின் வேகத்தில் சிறுநீரகக் கோளாறு மறைந்து கிடக்குமாம், வேகம் அடங்கியதும் தலைகாட்டுமாம். பசியும் குறைந்து எடையும் குறைந்தால் உடனே வரச் சொன்னார். அதனால் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

யாரிடம் சொல்கிறார் பார். தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவளிடம். லோடு லாரியை நிறுத்துப் பார், கொட்டிவிட்டுத் திரும்பும் காலி வண்டியை நிறுத்துப் பார், கழித்தால் கோதுமை. பூனைக்கும் அதே கதைதான். தானாகத் தராசில் நிற்கும் பூனை எங்கேயும் இல்லை என்பதால் நான் வண்டி, அவன் லோடு. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, மார்ச் 28, குளியலறைத் தராசில் தனியாக ஏறினேன். 64.0. அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். 68.0. ஆக நான்கு கிலோ. டாக்டரின் தராசும் அன்று நான்கு என்றுதான் காட்டியிருந்தது, ஒரு புள்ளி பிசகவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், அறுபத்து நான்கைக் கழிக்கிறேன், நோட்டில் எழுதுகிறேன். அப்பாவின் எடையை எழுதிய அதே நோட்டு. பக்கத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன்.

உன் அப்பா என்னிடம் மாட்டிய கதை உனக்கு மனப்பாடம். இருந்தாலும் சொல்கிறேன், சொல்ல இப்போது எனக்கு வேறு ஆள் இல்லை. லோடோடு எடைமேடையில் ஏறும்போது ட்ரெவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். காலி வண்டி ஏறும்போது சிகரெட் பிடிக்க இறங்கிவிடுவார். அவருடைய எண்பத்தைந்து கிலோவும் கோதுமையாகிவிடும். இரண்டு நாள் விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் ஜன்னலைத் திறந்து, "மிஸ்டர், வண்டிக்குள்ள ஏறுங்க. ஒங்களையெல்லாம் நாங்க வெலைக்கு வாங்கறதில்ல" என்றேன். "வாங்கித்தான் பாருங்களேன்" என்றார் அந்த மனுஷன். அந்தத் திமிருக்காகத்தான் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஃபோர்மேனுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு அளவு அழகாக இறங்கியிருக்கிறதாம். டாக்டர் தராசில் 4.4 வந்தது. என் நோட்டில் 3.7. "ஒங்க தராசு முக்கால் கிலோ கூடக் காட்டுது டாக்டர். ஆளைக் கூப்பிட்டு சோதிச்சு முத்திரை போடுங்க" என்றேன். "புதுத் தராசு நோலீன்" என்று சிரித்தார். புதுசைத்தான் நம்பக் கூடாது. எனக்கு என் நோட்டு போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாக்ஸைக் காயவைத்துப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
நோலீன்


திமாரு
ஜூன் 21, சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

இங்கே உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. துணி காயப்போடும் கம்பியெல்லாம் காலையில் வெள்ளையாக நிற்கிறது. நைரீயின் வீட்டுக்காரர் நம் வீட்டு விறகையும் சேர்த்து வெட்டி அடுக்கிக் கொடுத்தார்.

ஃபோர்மேன் 2.9.

இதை எழுதக் கை வரவில்லை. நோட்டை எடுத்தால் முந்தைய பக்கம் கண்ணில் படுகிறது. அப்பாவின் எண்கள் எப்படி இறங்கினவோ அப்படியே இவனுடையதும் இறங்குகிறது. 3.7, 3.5, 3.4, 3.2. ஒரு வாரமாவது ஏறவேண்டுமே. இறங்கும் வரிசையை ஒருமுறை பார்த்தவளுக்கு இரண்டாம் முறை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பசியும் போய்விட்டது. முன்பெல்லாம் விடிந்ததும் என் தலைமாட்டில் நின்று கூச்சல் போடுவான். இப்போது தட்டைப் பார்க்கிறான், பாதி தின்கிறான், மீதியை விட்டுவிட்டு வெயில் விழும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். டாக்டர் எச்சரித்தது இதுதான். போய்க் காட்டினாயா என்று நீ கேட்பாய். போகவில்லை. போனால் வாயைத் திறந்து சொல்லிவிடுவார். களிம்பை மட்டும் நைரீ வாங்கி வருகிறாள்.

என்னால் ஆனதைச் செய்கிறேன். மீனை ஆவியில் வேகவைத்து முள் எடுத்து வெதுவெதுப்பாகக் கொடுக்கிறேன். கோழிக் கறியை விரலில் வைத்து ஊட்டுகிறேன். மத்தி டப்பா திறக்கிறேன். நாளில் ஐந்து ஆறு தடவை. ஒரு நாளில் பாதி அவன் சாப்பாட்டிலேயே போகிறது. நான் டோஸ்ட்டும் தேநீரும் வைத்துக்கொள்கிறேன். ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைப்பானேன்? நைரீ கொண்டுவந்த ஆட்டுக்கறியும் அவனுக்குத்தான் போயிற்று, அவளிடம் சொல்லிவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நான் 3.0 என்றேன். "அம்மா, நிஜமாத்தான் சொல்றியா?" என்று கேட்டாய். நிஜம்தான் என்றேன். அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. அதன்பின் அடுத்த கோடைக்கும் அங்கேயே இருக்கக் கையெழுத்துப் போடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய். "அவனும் போயிட்டா வீட்டுல யாரும்மா இருக்கா" என்றாய். சொன்ன கையோடு, "அப்படிச் சொல்லலைம்மா" என்றாய். பரவாயில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு செய்தி ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவும்போது கல்யாண மோதிரம் கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. குழாயை நைரீயின் வீட்டுக்காரர் கழற்றி எடுத்துக் கொடுத்தார். குளிரில் விரல் சுருங்குகிறது போல. அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். பாவாடைக்குப் புது எலாஸ்டிக் போட்டேன், இந்தக் காலத்து எலாஸ்டிக் ஒரு மாதம்கூட நிற்பதில்லை. ஃபோர்மேனைத் தூக்கினால் கை ஓய்ந்துவிடுகிறது. மூன்று கிலோ இல்லாத பூனை கருங்கல்லாகக் கனக்கிறான். கைக்கு வயதாகிவிட்டது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா
நோலீன்


திமாரு
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

என் அன்பு ரேவினுக்கு,

உன் விமானத்துக்கான தபால் பை திங்கட்கிழமை மூடுகிறார்களாம். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். முந்தைய இரண்டு கடிதங்களையும் இதோடு சேர்த்தே கட்டுகிறேன், வரிசையாகப் படி. அவற்றில் நான் எழுதிய முட்டாள்தனத்தை அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

போன சனிக்கிழமை ஃபோர்மேன் 2.4 என்று எழுதினேன். எழுதிவிட்டு டாக்டர் வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். இனி அவனை இழுத்துக்கொண்டிருப்பது பாவம், நீங்களே தூங்க வைத்துவிடுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்றார். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் இதைச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள். எண்ணை மட்டும் சொன்னேன். உனக்குத் தெரியாமல் நான் வழியனுப்ப இருந்த இரண்டாவது ஆள் அவன்.

நேற்று அப்பாவின் பச்சைக் கம்பளிச் சட்டையில் அவனைச் சுற்றி எடுத்துக்கொண்டேன். பிளம் மரத்தடியில் குழியும் வெட்டியாகியிருந்தது. நைரீ கார் ஓட்டினாள், வழியெல்லாம் அழுததும் அவள்தான். நான் அழவில்லை. மடியில் அவன் குறட்டைவிட்டுத் தூங்கினான்.

அயோனா வந்து சட்டையோடு அவனைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். "நோலீன், இவனுக்கு என்னத்தைப் போட்டு வளக்கறீங்க?" என்றார். சட்டையை உருவிவிட்டுத் தராசில் வைத்தார். 6.5.

"ஒங்க தராசு சரியில்லன்னு ஏப்ரல்லயே சொன்னேனே" என்றேன். நான் அலமாரியிலிருந்து பிரிக்காத இரண்டு கிலோ பூனை உணவுப் பை ஒன்றை எடுத்து அதே தராசில் வைத்தேன். தெரிந்த எடையை வைத்துத்தான் தராசைச் சோதிக்க வேண்டும், அது என் தொழில். 2.0 காட்டியது. இன்னொரு பையை மேலே வைத்தேன். 4.0. தராசில் குற்றமில்லை.

அயோனா நாற்காலியை இழுத்துப் போட்டார். வீட்டில் எப்படி எடை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன், நோட்டையும் காட்டினேன். அவர் மெதுவாகப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "கடைசியா நீங்க தனியா ஏறிப் பாத்தது எப்ப?" என்று கேட்டார்.

கேள்வி முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

பெரிய நாய்களை நிறுத்துப் பார்க்கும் மேடை ஒன்று தரையில் இருந்தது. அதையும் அதே பைகளை வைத்துச் சோதித்துவிட்டு, காலணியைக் கழற்றி ஏறினேன். 59.9. நைரீ எட்டிப் பார்த்துவிட்டு, "அடிப் பாவி, நீ என்னத்தடி தின்ன இத்தன நாளா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கணக்கைப் போட்டுக்கொள். அவன் இரண்டரை கிலோ கூடியிருக்கிறான். நான் நாலு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறேன். இத்தனை சனிக்கிழமைகளும் அறுபத்து நான்கைக் கழித்துக் கழித்து நான் எழுதியது பூனை இளைப்பதை அல்ல.

எத்தனை டிரைவர்களை இதற்காகத் திட்டியிருக்கிறேன் தெரியுமா? நேற்று எடுத்த காலி எடை இன்றைக்கு ஆகாது, ஒவ்வொரு தடவையும் வண்டியைப் புதிதாக ஏற்று என்று கத்துவேன். சேறு ஒட்டியிருக்கும், டீசல் குறைந்திருக்கும், ஆள் இறங்கியிருப்பான் என்பேன். ஊருக்கெல்லாம் சொன்னவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை. கையில் கனத்த பூனையை நம்பாமல் நோட்டை நம்பினேன். டிரைவர் மார்ச் ஆறாம் தேதியே இறங்கிவிட்டார் ரேவின். அதன்பிறகு வண்டி அதே எடையில் நிற்கும் என்று நான் எப்படி நினைத்தேன்?

ஃபோர்மேனின் ரத்தத்தை அங்கேயே பார்த்தார்கள். தைராய்டு சரியாக இருக்கிறது, சிறுநீரகத்தில் பழுதில்லை. பசி போய்விட்டது என்று நான் பயந்ததைக் கேட்டு அயோனா, "பசி போகல நோலீன். இப்பதான் அவனுக்கு வயிறு நெறையுது. நெறைஞ்சா விட்டுட்டுப் போறான்" என்றார். குணமானதை நான் சாவு என்று படித்திருக்கிறேன். இனி ஊட்டுவதும் மீன் ஆய்வதும் கிடையாது. காலையும் மாலையும் அளந்து வைத்த உணவு, அவ்வளவுதான். ஆறு கிலோவுக்குக் கீழே இறக்க வேண்டுமாம், கொஞ்சம் கொஞ்சமாக. குழியை நைரீயின் வீட்டுக்காரர் இன்று காலை மூடிவிட்டார். ஃபோர்மேன் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான்.

இப்போது இன்னொரு எண். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 25, குளிர்காலத்துக்கு முன் அங்கிருந்து கிளம்பும் கடைசி விமானம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய்: "அப்பா எவ்வளவும்மா? கெளம்பி வந்துடட்டுமா?" நான் 76 என்றேன். நன்றாகத் தேறி வருகிறார், வராதே என்றேன். அன்று காலை தராசில் அவர் 53. பக்கத்தில் உட்கார்ந்து விரலை விரித்து ஏழும் ஆறும் காட்டியவர் அவர்தான். "புள்ள எத்தன வருஷமா ஆசப்பட்ட வேல. கெடுத்துடாத நோலீன்" என்று காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கெஞ்சினார் என்பது எனக்குச் சமாதானம் ஆகாது. சொன்னது என் வாய். முப்பத்தோரு வருடத்தில் ஒரு எடைச் சீட்டில்கூட எண்ணை மாற்றி எழுதாதவள் என் மகளிடம் இருபத்துமூன்று கிலோ பொய் சொன்னேன். விமானம் போன ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். கடைசி நாளில் இரண்டு தடவை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்று அவரிடமும் பொய் சொன்னேன்.

நீ இதை எப்போதோ ஊகித்திருப்பாய். நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று நீ கேட்டது பூனையைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று நைரீ என்னை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, நேராக நம் குடும்ப டாக்டரிடம் கொண்டுபோனாள். ஆறு குழாய் ரத்தம் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை சொல்வார்கள், தபால் பை திங்களோடு மூடிவிடும். அதனால் அது என்ன என்று இந்தக் கடிதத்துக்குத் தெரியாது. வெறும் டோஸ்ட்டாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். நேற்று மாலை நைரீ எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒரு தட்டு உருளைக்கிழங்கையும் ஆட்டுக்கறியையும் தின்ன வைத்தாள். பாதிதான் இறங்கியது. மீதியை ஃபோர்மேன் கேட்டான், கொடுக்கவில்லை.

நாளைக்கு நீ கூப்பிடுவாய். பூனை எவ்வளவு என்று கேட்பாய். 6.5 என்பேன், நம்பமாட்டாய். நான் எவ்வளவு என்று நீ கேட்கமாட்டாய். கேட்டாலும் தொலைபேசியில் உண்மையைச் சொல்வேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, அந்தக் கருவியைக் கையில் எடுத்தால் எனக்குப் பொய்தான் வருகிறது. அதனால் எழுத்தில் தருகிறேன். 59.9. சரிபார்த்த தராசு, சாட்சி இரண்டு பேர்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் விமானம் மறுநாளே திரும்பும் என்று சொன்னார்கள். நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதே. போட்டிருந்தால் போய்க் கேள், அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல். பிப்ரவரியில் வராதே என்றேன். இப்போது வா என்கிறேன். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான், ஆனால் இந்த ஒன்றை நம்பு.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சாவி பழைய இடத்திலேயே இருக்கிறது. உள்ளே வந்ததும் ஃபோர்மேன் காலைச் சுற்றுவான், பசி என்று நடிப்பான். அவனை முதலில் தூக்காதே. அவன் நன்றாக இருக்கிறான்.

உன் அம்மா
நோலீன்